மேர் பங்கு

என் மரப்பெட்டியில் ஒரு பட்டுப் பட்டை இருக்கிறது. நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறம். இரண்டு முனையிலும் பொன்னிறக் குஞ்சம். ஒரு குஞ்சத்தில் பாதியை எலி தின்றுவிட்டது. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு பூச்சியும் அந்தப் பட்டின்மேல் வாய் வைத்ததில்லை. பக்கத்திலேயே மடித்து வைத்திருந்த என் கலியாண வேட்டியைச் சல்லடையாக்கிய பூச்சிகள், பட்டையின் அருகில் வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போயிருக்க வேண்டும். காரணம் அதில் ஏறியிருக்கும் கருவாட்டு வாசனை. பூச்சியைத் துரத்திய அந்த வாசனைதான் எலியை அழைத்தும் வந்திருக்கிறது என்பது வேறு விஷயம். பிரெஞ்சு சர்க்காரின் அதிகாரச் சின்னத்தில் கருவாடு எப்படி ஏறியது என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தப் பட்டையை ஒரு நாள், பகலில் கொஞ்ச நேரம், நானும் தோளில் போட்டிருந்தேன். என் பேரப்பிள்ளைகள் இதை நம்புவதில்லை. என் தோளைப் பார்க்கிற யாரும் நம்பமாட்டார்கள்.

பட்டைக்குச் சொந்தக்காரர் எங்கள் மேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் எங்கள் பக்கத்தில் நகரசபைத் தலைவரை அப்படித்தான் சொல்வோம். பாகூர் ஏரித் தண்ணீரில் விளைகிற நெல்லும் கரும்பும்தான் ஊர். நீளமாக ஒரு தெரு, ஒரு குளம், ஒரு கோயில், ஒரு மாதா கோயில், இவற்றுக்கு நடுவில் ஓட்டுக் கூரை போட்ட சபைக் கட்டடம். அங்கே எனக்குச் செக்ரத்தேர், அதாவது காரியதரிசி வேலை. பெரிய வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கத்தினர்கள் தமிழில் சண்டை போடுவார்கள், அதை நான் பிரெஞ்சில் சமாதானமாக்கி எழுதுவேன். ஒருவர் எழுந்து, "இன்னாய்யா கூத்து அடிக்கிறீங்க?" என்று மேசையைக் குத்தினால், மாண்புமிகு அங்கத்தினர் கூடுதல் விளக்கம் வேண்டினார் என்று எழுதிவிடுவேன். புதுச்சேரியில் அதைப் படித்த அதிகாரிகள், இவ்வளவு நாகரிகமான சபை இந்தியாவிலேயே கிடையாது என்று நினைத்திருப்பார்கள்.

முப்பதுகளின் நடுவில், புதுச்சேரிக்கு ஏதோ காரியமாகப் போய்வந்த மேர் ஐயா கையில் சுருட்டிய பெரிய காகிதத்தோடு குதிரைவண்டியை விட்டு இறங்கினார். ஆள் உயரம், அகலமும் அதற்குத் தக்கபடி, எப்போதும் வெள்ளைக் கோட்டு, கையில் குடை. மேசையில் காகிதத்தை விரித்து நான்கு மூலையிலும் மைக்கூடுகளை வைத்தார். ஊரைப் புதிதாக்கும் திட்டம் அது. இரண்டு பக்கமும் மரம் வைத்த சாலை, குளக்கரையில் நீரூற்று, பேண்டு வாசிக்க ஒரு மண்டபம், மக்கள் உட்கார்ந்து காற்று வாங்கப் பெஞ்சுகள், ஒரு மூலையில் சந்தைக் கொட்டகை. படத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்காரி ஒருத்தி சின்ன நாயைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவில் நடந்துபோனாள். அவள் யார் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று சபையில் வெகுநேரம் பேச்சு நடந்தது.

அதில் முதலில் நிறைவேறியது பெஞ்சுதான். குளக்கரையில் போட்டோம். ஊர்ப் பெரியவர்கள் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள், ஆடுகள் பெஞ்சின்மேல் படுத்துக்கொண்டன. பேண்டு மண்டபத்துக்கு ஊரில் பேண்டு இல்லை. கோயில் நாயனக்காரரை அழைத்துக் கேட்டபோது அவர், நின்றுகொண்டே வாசிக்க வேண்டுமா, உட்கார விடுவார்களா என்று மட்டும் கேட்டார். நீரூற்றுக்குக் குழாய் எந்த அங்கத்தினர் வயல் வழியாகப் போவது என்பதில் இரண்டு கூட்டங்கள் வேட்டி கட்டிய போர்க்களங்களாக முடிந்தன. மரங்களை மாடு மேய்ந்தது. ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் படத்தின் மூலையில் இருந்த சந்தைக் கொட்டகை மட்டும் மிஞ்சியது. மேர் ஐயா அதைப் பிடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் அவருக்கு ஆசை, சந்தை அப்படியல்ல.

காரணம் உண்டு. எங்கள் ஊர் வாரச்சந்தை எங்கள் ஊரில் கூடுவதில்லை. ஆற்றுக்கு அக்கரையில், இங்கிலீஷ்காரன் எல்லையில் கூடியது. கரியமாணிக்கத்துக் கத்தரிக்காயும், எங்கள் வெல்லமும், வீராம்பட்டினத்துக் கருவாடும் கூடையிலேறி, ஆற்று மணலைத் தாண்டி, அந்தக் கரையில் சுங்கச்சாவடிக்கு முன்னால் வரிசையில் நிற்கும். சாவடிச் சேவகன் ஒவ்வொரு கூடையிலும் கையை விட்டுக் கிளறுவான். கருவாடு என்றால் அவனுக்கு உப்புச் சந்தேகம் வந்துவிடும். பிரெஞ்சு உப்பு திருட்டுத்தனமாக வருகிறதா என்று ஒவ்வொரு கருவாடாக எடுத்து உதறுவான். உதறி முடிக்கும்போது உப்பும் போயிருக்கும், பெரிய கருவாடாக இரண்டும் போயிருக்கும். ஒரு முறை மேர் ஐயா அந்தப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர், நம் ஊர்ப் பெண்கள் வெயிலில் வரிசையாக நின்று கூடையைக் காட்டுவதைப் பார்த்தார். கலியாணத்தில் சாப்பிடவே இல்லையாம். அன்றிலிருந்து, நம் பொருளை நம் மண்ணில் உட்கார்ந்து விற்க வேண்டும் என்பதே பேச்சு.

கொட்டகை எழும்பியது. இரும்புத் தூண், மங்களூர் ஓடு, சிமெண்டுத் தரை. தினமும் சாயங்காலம் குடையோடு வந்து ஒவ்வொரு தூணையும் மாட்டைத் தட்டிக்கொடுப்பது போலத் தட்டிவிட்டுப் போவார். சபையில் அவருக்கு எதிர்க்கட்சியாக இருந்த ஒரு மிராசுதாரும் தினமும் வந்து பார்த்தார். "மாடு கட்ட நல்ல கொட்டா. நீங்களே கட்டிக் குடுத்துட்டீங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போவார். சந்தை கூடாவிட்டால் கொட்டகையைத் தானே குத்தகைக்கு எடுப்பதாக அவர் சொல்லிவைத்திருந்தது விளையாட்டல்ல என்று எங்களுக்குத் தெரியும். யாருக்கு எங்கே இடம் என்று தரையில் கோடு போடும் பொறுப்பு எனக்கு வந்தது. யாரும் குறை சொல்ல முடியாதபடி அகரவரிசையில் போட்டேன். கத்தரிக்காய், அதற்கடுத்துக் கருவாடு, அதற்கடுத்துக் கனகாம்பரம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பூக்காரிகள் என்னைத் தேடி வந்தபோது பின்வாசல் வழியாக ஆபீசுக்குப் போனேன்.

திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு வீராம்பட்டினத்துக் கருவாட்டுக்கார அக்கா கொட்டகையைப் பார்க்க வந்தாள். அந்த அக்கா எங்கே கூடை இறக்குகிறாளோ அங்கேதான் மற்ற பெண்களும் இறக்குவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். "இன்னா தம்பி, சந்தையா மாதா கோயிலா? இம்மாம் ஒசரத்துல கூரை போட்டுகீறீங்க" என்றாள். என் கோடுகளைக் காலால் அழித்தாள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று முந்தானையைப் பிடித்துப் பார்த்து, கருவாட்டுக்குக் கிழக்கு ஓரம்தான் சரி என்று அவளே முடிவு செய்துகொண்டாள். நான் சபையின் சார்பில் ஒப்புக்கொண்டேன். பிறகு என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"தோ பாரு தம்பி, ஒங்க மேர் ஐயா நல்ல மனுசன். அவுரு கட்டனது. நாங்க வரோம். ஆனா அவுரு கையால மட்டும் போணி வாணாம். அக்கரையில எங்க எடத்த வுட்டுட்டு வரோம். ஒரு வாரம் போவலேன்னா வேற ஒருத்தி கூடைய வெச்சிடுவா. இங்க மொத நாளே போணி கெட்டுச்சின்னா நாங்க எங்க போய் ஒக்கார்றது?"

போணி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாளின் முதல் வியாபாரம் யார் கையில் நடக்கிறதோ அந்தக் கையின் ராசிதான் அன்றைக்கு முழுவதும். எங்கள் மேர் ஐயாவின் கைக்கு ராசி இல்லை என்பது அவரைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் முதல் கவுளி வெற்றிலை வாங்கிய அன்று மழை பிடித்து ஏரிக்கரை உடைந்தது. தேர்த்திருவிழாவில் முதல் சட்டியை அவர் வாங்கிய கொஞ்ச நேரத்தில் தேரின் அச்சு முறிந்து, கூட்டம் கலைந்து, குயவர் அத்தனை சட்டியையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். அதன்பிறகு காலையில் வெள்ளைக் கோட்டு தூரத்தில் தெரிந்தாலே தெருவோரக் கூடைகளின்மேல் சட்டென்று துணி விழும். அவர் அதைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே போவார். கனவானைக் கண்டால் பெண்கள் கூடையை மூடி அடக்கமாக உட்காருகிறார்கள், நம் ஊர் ஜனத்துக்கு எவ்வளவு மரியாதை என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். நான் எங்கேயாவது பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதே ஊரில் மிகச் சிறந்த போணிக் கை என்னுடையது. பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்குப் பேரம் பேச வராது. கேட்டதைக் கொடுத்துவிட்டு, அழுகிய காயைப் பையில் போட்டால் அதற்கும் நன்றி சொல்லி வாங்கி வருவேன். இப்படிப்பட்ட ஒருவன் காலையில் முதலில் எதிர்ப்பட்டால் எந்த வியாபாரிக்குத்தான் நாள் நன்றாக ஓடாது? தெருவில் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விற்பார்கள். எங்கள் வீட்டில் முருங்கைக்காய் மட்டும் ஒரே நாளில் மூன்று கட்டு வந்ததுண்டு. என் மனைவி இதை ராசி என்று சொல்லமாட்டாள். அவளிடம் அதற்கு வேறு வார்த்தை இருந்தது.

விழா நிகழ்ச்சியில் முதல் பொருளை மேர் வாங்குவார் என்று அவரே எழுதி, புதுச்சேரிக்கும் அனுப்பியாகிவிட்டது. அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வருவதாகப் பதிலும் வந்துவிட்டது. அக்கா வந்துபோன அன்று பிற்பகல் மேர் ஐயா அறைக்குப் போய்ச் சொன்னேன். நேராகச் சொல்லவில்லை. ஜனங்களின் மூடநம்பிக்கை, படிப்பறிவு, காலம் மாறும் என்றெல்லாம் சுற்றிக்கொண்டு போய், கடைசியில் ஏரிக்கரையில் வந்து முட்டி, தேர் அச்சில் நின்றேன். முதலில் ஜன்னல் அதிரச் சிரித்தார். "கையில ராசியாவது ஒண்ணாவது" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"அப்போ, கூடைய மூடறது... அது மரியாதை இல்லையா?"

மேசைமேல் திறந்திருந்த மைக்கூட்டை மூடி வைத்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். போகிற வழியில் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு விழா வரைக்கும் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. நிகழ்ச்சியை மாற்றச் சொல்லவும் இல்லை. என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. வீம்பு பிடித்த மனிதர்; பெஞ்சின்மேல் ஆடு படுத்ததற்கு ஆட்டுக்காரனோடு பேசாமல் இருந்தவர்.

விழா நாளில் மாவிலைத் தோரணம், புதுச்சேரியிலிருந்து வந்த பேண்டு, துரைக்கு நாற்காலி எல்லாம் இருந்தன. பெண்கள் வந்திருந்தார்கள். கரியமாணிக்கம், அதைச் சுற்றியுள்ள ஊர்கள், மாதா கோயில் தெரு என்று கொட்டகை நிறைந்திருந்தது. வீராம்பட்டினத்து அக்கா கிழக்கு ஓரத்தில். ஆனால் ஒரு கூடையும் திறக்கவில்லை. வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாக் கூடையின்மேலும் துணி. அக்கரைக்கு இப்போது கிளம்பினாலும் அந்தச் சந்தையைப் பிடித்துவிடலாம் என்கிற நேரம் அது. சிலர் சும்மாட்டைத் தலையிலிருந்து இறக்கவே இல்லை. மிராசுதார் வெளியே மரத்தடியில் நின்று பொடி போட்டுக்கொண்டிருந்தார். துரை என்னிடம் குனிந்து, ஏன் பொருள்களைக் காணோம் என்று கேட்டார். தூசு படாமல் வைத்திருக்கிறார்கள் என்றேன்.

மேர் ஐயா பேசி முடித்தார். பட்டையைச் சரி செய்துகொண்டு, கையில் காசோடு, நேராகக் கிழக்கு ஓரத்துக்கு நடந்தார். பேண்டு நின்றது. அவர் நெருங்க நெருங்க அக்கா கூடைத் துணியின் ஓரத்தை முழங்காலுக்கடியில் செருகிக்கொண்டாள். அவர் முன்னால் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, ஒங்க மேல கோவம் இல்ல" என்றாள். அவ்வளவுதான். அவள் குரலில் வம்பு இல்லை, பயம்தான் இருந்தது. துணியின் ஓரத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அடுத்த கூடையை, அதற்கடுத்த கூடையை, அந்த வரிசை முழுவதையும். இத்தனை வருஷம் தலையசைத்துக்கொண்டே கடந்துபோன துணிகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். காசைக் கோட்டுப் பைக்குள் போட்டார். தோளிலிருந்து பட்டையைக் கழற்றினார். நான் இரண்டடி பின்னால், துரைக்கு மொழிபெயர்க்கத் தயாராக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். என் தலைவழியாகப் பட்டையை மாட்டினார்.

"இன்னிக்கு நீதான் மேர். போய் வாங்கு."

அவர் உடம்புக்குத் தைத்த பட்டை. என்மேல் அது தோளில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய் நின்றது. நான் கூடைக்கு முன்னால் குந்தியபோது குஞ்சமும் அரை முழம் பட்டும் கருவாட்டுக்குள் விழுந்தன, ஏனென்றால் அதற்குள் அக்கா துணியை எடுத்துவிட்டிருந்தாள். ஒரு பெரிய வாளைக் கருவாட்டை எடுத்து என் கையில் வைத்து விலை சொன்னாள். நியாயமான விலையைப்போல மூன்று மடங்கு. பட்டையைப் போட்டதில் எனக்கும் கொஞ்சம் அதிகாரம் ஏறியிருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசலாமா என்று வாயெடுத்தேன். பின்னால் மேர் ஐயா தொண்டையைச் செருமினார். கேட்டதைக் கொடுத்தேன். அக்கா காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நொடியில் கொட்டகை முழுவதும் துணிகள் பறந்தன. கத்தரிக்காயும் பூசணியும் வெல்லமும் கனகாம்பரமும் ஒன்றாக வெளியே வந்ததைப் பார்த்து, நிகழ்ச்சியில் இல்லாவிட்டாலும், பேண்டு தானாகவே வாசிக்கத் தொடங்கியது. என்ன நடந்தது என்று துரை கேட்டார். இந்நாட்டு மரபுப்படி மேர் தம் அதிகாரத்தை மக்களிடம் ஒப்படைத்தார் என்று விளக்கினேன். துரை எழுந்து நின்று கை தட்டினார். நான் அதுவரை செய்த மொழிபெயர்ப்புகளில் அதிகம் பொய்யில்லாதது அதுதான். மரத்தடியில் மிராசுதாரைக் காணோம். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், உள்ளே பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம், கூடைகளெல்லாம் அடி தெரியும் நேரத்தில், மேர் ஐயா கோட்டு இல்லாமல் ஒரு துணிப்பையோடு வந்தார். கொட்டகைக்குள் வராமல் கடைசித் தூணுக்கு வெளியே நின்றார். பெண்கள் சாக்கை உதற ஆரம்பித்ததும் அங்கிருந்தே கேட்டார்: "எல்லாம் ஆச்சா? இனிமே நான் வாங்கலாமில்ல?"

அக்கா சிரித்துவிட்டாள். "இனிமே தாராளமா வாங்குங்க. மிஞ்சனதெல்லாம் ஒங்க பங்குதான்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். பேரம் அவருக்கு விளையாட்டு. ஒரு கை நெத்திலிக்கு விளக்கு வைக்கும் நேரம்வரை வாதாடிவிட்டு, கடைசியில் அவள் முதலில் சொன்ன விலையையே கொடுத்தார். அவளுக்கும் அது பிடித்திருந்தது. நான் கொடுக்கும் காசில் லாபம் உண்டு, ருசி கிடையாது. அந்த வாரத்திலிருந்து அதுவே வழக்கம். காலையில் சந்தையைத் திறப்பது நான், சாயங்காலம் மூடுவது அவர். எது மிஞ்சினாலும் வீணாகாது என்று தெரிந்துவிட்டதால் பெண்கள் தைரியமாகக் கூடுதலாகக் கொண்டுவந்தார்கள். அக்கரைச் சாவடிச் சேவகனுக்கு உதற ஒன்றுமில்லாமல் போயிற்று. மேர் வீட்டில்தான் வருஷக்கணக்காக அடிபட்ட கத்தரிக்காயும், வதங்கின கீரையும், உடைந்த கருவாடும் வெந்துகொண்டிருந்தன. அவர் வீட்டு அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நல்லதெல்லாம் நீங்க கொண்டு போயிடறீங்க" என்பார். எங்கள் வீட்டில் வந்து பார்த்தால் தெரியும் என்று சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் இருவரும் அவரவர் பையோடு சேர்ந்து நடந்தோம். சற்றுமுன் அவர் உள்ளே நுழைந்தபோது, மூட ஆரம்பித்திருந்த பெண்கள் அவரைப் பார்த்ததும் துணியை விலக்கியிருந்தார்கள். குளக்கரை வந்ததும் அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். "பாத்தியா, தெறந்து வெச்சாங்க" என்றார். ஆமாம் என்றேன். ஆடுகளைக்கூட ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த சபைக் கூட்டத்தில் அதை அணிந்துகொண்டு அவர் தலைமை வகித்தார். முதலில் ஜன்னல்களைத் திறந்தார்கள். பிறகு அங்கத்தினர்கள் ஒவ்வொருவராக நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்கள். ஊர் வரலாற்றிலேயே சீக்கிரம் முடிந்த கூட்டம் அது. புதுப் பட்டை தருவித்தார்கள். பழையதை, "நீயும் கொஞ்ச நேரம் மேரா இருந்தியே" என்று என்னிடம் கொடுத்தார்.

அவர் போய் எத்தனையோ காலமாயிற்று. பிரெஞ்சுக்காரரும் போய்விட்டார்கள், அக்கரை இக்கரை என்ற பேச்சும் போய்விட்டது. கொட்டகை நிற்கிறது. தூண்களுக்கு யாரோ பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள். அவர் பேர் வெட்டிய கல் சுண்ணாம்புக்கடியில் இருக்கிறது. எந்தச் சுவரில் என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. கண் மங்கியதிலிருந்து காலைக் கூட்டத்தில் நான் போவதில்லை, வெயில் தாழ்ந்துதான் போகிறேன். போன வாரமும் போனேன். கிழக்கு ஓரத்தில் ஒரு இளம்பெண் கூடையைக் கவிழ்க்கப் போகும்போது என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, மேர் பங்கு கெடக்குது. எடுத்துக்கினு போறியா? கடைய கட்டணும்."

யாரம்மா அந்த மேர் என்று கேட்டேன். "அது ஆரு கண்டா? கடைசியா மிஞ்சனா மேர் பங்குதான். எங்க மாமியா அப்பிடித்தான் சொல்லும். அத்த வித்துட்டுத்தான் எழுந்திரிக்கணும்" என்றாள், சாக்கை மடித்துக்கொண்டே. விலை சொன்னாள். அந்த இடத்தில் அவர் கொஞ்சம் வாதாடியிருப்பார். நான் கேட்டதைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பட்டையை முகர்ந்து பார்த்தேன். வாசனை கொஞ்சம் குறைந்துதான் போயிருக்கிறது. மேர் பங்கிலிருந்து ஒரு சின்ன நெத்திலியை எடுத்து, குஞ்சத்துக்குள் செருகி, பெட்டியை மூடினேன். மிச்சத்தை அடுப்பங்கரையில் கொடுத்தேன்.